பஸ்ஸைப் பார்த்து கடிகாரம் திருப்பிய காலம்: நெல்லைக்காரர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அதை எப்படிச் சாதித்தார்?

திருநெல்வேலி பேட்டையில், இன்னும் வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் யார் யார்? ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் காலை ஷிப்ட் போகும் நர்ஸ், அங்கேயே வார்டில் வேலை பார்க்கும் உதவியாளர், மஸ்டர் போடும் இடத்துக்குப் போகும் தூய்மைப் பணியாளர், பால் பூத் திறக்க வேண்டியவர், மெடிக்கல் ஷாப் ஊழியர். இவர்களில் யாருக்கும் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' கிடையாது. மழை, ஊரடங்கு, திருவிழா எது வந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

பேட்டை ஊரின் மேற்குப் பக்கம். ஹைகிரவுண்ட் இருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில். டவுன், ஆர்ச், ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன் எல்லாம் கடந்து, 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டிப் போக வேண்டும். டூவீலர் இல்லாதவருக்கு டவுன் பஸ்தான் வழி.

இப்படிப் பயணம் செய்பவர்களிடம் பஸ்ஸில் என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் ஏசியோ வைஃபையோ முதலில் வராது. சொன்ன நேரத்துக்கு பஸ் வந்தால் போதும் என்பதுதான் முதலில் வரும். கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால், அதைச் செய்து காட்டுவதற்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

அந்த வேலையை நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் இதே நெல்லை மாவட்டத்துக்காரர். டி.வி.எஸ் என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார். இன்று டி.வி.எஸ் என்றதும் பைக், மொபெட் ஞாபகம் வரும். அந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டிருந்தது பஸ்ஸில்.

யார் இவர்? இவருடைய பஸ்ஸுக்கும் இன்றைய டவுன் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

'டி' என்றால் திருக்குறுங்குடி

1877 மார்ச் 22-ல் பிறந்தவர் சுந்தரம். சொந்த ஊர் திருக்குறுங்குடி. களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நம்பி கோயிலால் பெயர் பெற்ற ஊர். அவர் பெயருக்கு முன்னால் வரும் 'டி' இந்த ஊர்தான்.

அவர் பிறந்த காலம் எப்படிப்பட்டது? 1876-ல்தான் திருநெல்வேலிக்கு ரயில் வந்திருந்தது. அதே சமயம் தென்னிந்தியா முழுக்கத் தாது வருஷப் பஞ்சம். ரயில் தொடாத ஊர்களுக்குப் போக மாட்டு வண்டி, குதிரை வண்டி, இல்லையென்றால் கால்நடை. திருக்குறுங்குடி மாதிரியான ஊரிலிருந்து ஒருவர் ஜில்லாத் தலைநகருக்குப் போய்த் திரும்புவது என்றால், அன்றைய பொழுது முழுக்க அதற்கே போய்விடும்.

அப்பாவின் விருப்பப்படி சுந்தரம் வக்கீல் ஆனார். பிறகு ரயில்வேயில் வேலை. அப்புறம் ஒரு வங்கியில். மூன்றுமே அந்தக் காலத்துப் படித்த குடும்பங்கள் ஆசைப்பட்ட, பாதுகாப்பான வேலைகள்தான். எதிலும் அவர் நிலைக்கவில்லை.

ஆனால் ரயில்வே வேலையை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வண்டிக்கு டைம் டேபிள் உண்டு, அந்த நேரத்துக்கு அது கிளம்பியாக வேண்டும் என்ற பழக்கத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்ததே ரயில்தான். சாலையில் ஓடும் வண்டிக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. ஆள் சேர்ந்தால் குதிரை வண்டி கிளம்பும், சேரவில்லை என்றால் நிற்கும். ரயிலின் ஒழுங்கைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான் சுந்தரம் ஐயங்காரின் பெரிய காரியம் என்று சொல்லலாம்.

1911: வேலையை விட்டார், பஸ்ஸை எடுத்தார்

1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1912-ல் பஸ் சர்வீஸ். மதுரையை மையமாக வைத்து வளர்ந்தது தொழில். பஸ்களும் லாரிகளும் பிற்பாடு சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின.

அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. கையில் நிச்சயமான சம்பளத்தை விட்டுவிட்டு, பெரும்பாலான மக்கள் கண்ணால்கூடப் பார்க்காத மோட்டார் வண்டியை நம்பி இறங்கினார். இன்றைய மொழியில் சொன்னால் ஸ்டார்ட்அப்தான். ஆனால் முதலீட்டாளர் கிடையாது, உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டும், ரிப்பேர் தெரிந்த மெக்கானிக்கைத் தானே உருவாக்க வேண்டும்.

சாலை எப்படி இருந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். தார் ரோடு இல்லை. ஜல்லியும் மண்ணும் போட்டு இறுக்கிய ரோடு. அதில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பள்ளமாகியிருக்கும். கோடையில் புழுதி, மழையில் சேறு. அதில் ஓடும் பஸ் ஒரு மணி நேரம் லேட்டாக வந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வந்ததே பெரிய விஷயம்.

அங்கேதான் அவர் வேறு மாதிரி யோசித்தார்.

பஸ் போனால் மணி இத்தனை

மதுரைப் பக்கம் வயதானவர்கள் இன்றும் சொல்லும் ஒரு சங்கதி உண்டு. டி.வி.எஸ் பஸ் ஊரைக் கடப்பதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலம் அது. கோயில் மணி, ஆலைச் சங்கு வரிசையில் பஸ்ஸும் மணி காட்டியது.

இதைக் கேட்டதும் கண்டிப்பான முதலாளி, பயந்து ஓட்டிய டிரைவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டிரைவரை விரட்டினால் பஸ் வேகமாகப் போகும், அவ்வளவுதான். வேகமும் நேரம் தவறாமையும் ஒன்று கிடையாது. ஒரு பஸ் நேரத்துக்கு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைவர் மெதுவாக ஓட்டியது அல்ல. வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, வழியில் பஞ்சர், பாகம் உடைந்தது, மாற்றுப் பாகம் கையில் இல்லை. இவைதான் காரணம். ஆகவே தீர்வும் ரோட்டில் இல்லை, டிப்போவில் இருக்கிறது.

சுந்தரம் ஐயங்கார் கட்டியெழுப்பிய தொழில்களை வரிசையாகப் பார்த்தாலே இது புரியும். பஸ் ஓட்டினார். அதற்கு ஒர்க்‌ஷாப் வேண்டும் என்று ஒர்க்‌ஷாப். உதிரிபாகம் வேண்டும் என்று மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டி வேண்டும் என்று சுந்தரம் மோட்டார்ஸ். டயர் தேய்ந்தால் மேல்பட்டை ஒட்ட ரீட்ரெடிங் தொழிற்சாலை. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப்பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்றாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டபடி விரிந்த வியாபாரம் போலத் தெரியும். உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலையில் வண்டி கிளம்புமா?

லாட ஆணியும் காந்தமும்

அந்தக் காலத்து பஸ்ஸின் பெரிய எதிரி எது தெரியுமா? லாட ஆணி.

மாட்டுக்கும் குதிரைக்கும் குளம்பில் லாடம் அடிப்பார்கள். நடக்க நடக்க அந்த ஆணி கழன்று ரோட்டில் விழும். நூற்றுக்கணக்கான மாட்டு வண்டி போகும் ரோட்டில் எவ்வளவு ஆணி கிடக்கும்! அதில் டயர் ஏறினால் பஞ்சர். பஸ் நிற்கும். பயணிகள் இறங்கி மரத்தடியில் உட்காருவார்கள். டைம் டேபிள் அன்றைக்கு அவ்வளவுதான்.

இதற்கு டி.வி.எஸ் கண்டுபிடித்த வழி இன்றும் பேசப்படுகிறது. காந்தம் பொருத்திய வண்டி ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் போகும். கீழே கிடக்கும் ஆணியையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். பின்னால் பஸ் நிம்மதியாக வரும்.

பஞ்சர் ஆன பிறகு வேகமாக ஒட்டுவது ஒரு திறமை. பஞ்சர் ஆகாமல் பார்த்துக்கொள்வது வேறு திறமை. இரண்டாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கைதட்ட மாட்டார்கள். நடக்காத பஞ்சருக்கு யார் நன்றி சொல்வார்? பயணிக்குத் தெரிவதெல்லாம், இன்றைக்கும் பஸ் நேரத்துக்கு வந்தது என்பது மட்டும்தான்.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் இதே காலகட்டத்தில் இன்னொருவர் கிளம்பினார். ஜி.டி.நாயுடு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்து யு.எம்.எஸ் என்ற பெரிய பஸ் நிறுவனத்தைக் கட்டினார். இருவர் பாதையும் வேறு, குணமும் வேறு. ஆனாலும் பயணியின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்பதில் இருவரும் ஒரே கட்சி.

பெட்ரோல் இல்லையா? கரியில் ஓடட்டும்

இரண்டாம் உலகப் போரில் வந்தது அடுத்த சோதனை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயாவும் விழுந்தது. அங்கிருந்து வந்த ரப்பர் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன், டயருக்குத் தட்டுப்பாடு. பஸ் தொழிலுக்கு இரண்டு கால்களும் ஒடிந்த மாதிரி.

பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போர் முடியட்டும் என்று காத்திருக்கலாம். சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தது. கரியிலிருந்து வாயு எடுத்து அதில் இன்ஜினை ஓட்டும் ஏற்பாடு.

இது எப்படி வேலை செய்யும்? உயரமான இரும்பு உருளை ஒன்றில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். காற்றை அளவாக மட்டும் விடுவார்கள். காற்று போதாததால் கரி முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு அதிகமுள்ள, எரியக்கூடிய வாயு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பல் தூசியை வடிகட்டி, இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவிக்குப் பதிலாக அது எரியும். வண்டி ஓடும்.

சுகமான சவாரி என்று சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன்பே நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் கொடுக்கும் பலத்தை இந்த வாயு கொடுக்காது, மேடு வந்தால் வண்டி திணறும். புகை, கரித்தூசி வேறு. ஆனாலும் பஸ் ஓடியது. போர்க்காலத்திலும் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஆட்கள் போக வேண்டியிருந்ததே! டயருக்கு ரீட்ரெடிங் கைகொடுத்தது. பழைய டயரின் உடம்பு நன்றாக இருந்தால் தேய்ந்த மேல்பகுதியை மட்டும் புதுசாக ஒட்டி, இன்னொரு சுற்று ஓட்டலாம்.

மகள் சௌந்தரம்: தொழிலுக்கு வெளியே ஒரு முடிவு

சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையை பஸ்ஸோடு மட்டும் நிறுத்தினால் பாதிக் கதைதான். மீதி, மகள் சௌந்தரம்.

1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கப் போய் அந்த நோய்க்கே பலியானார். இருபது வயதைச் சற்றுத் தாண்டிய விதவை. வசதியான பிராமணக் குடும்பங்களில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு அன்று என்ன காத்திருக்கும் என்பது தெரிந்ததுதான். மூலையும் மௌனமும்.

சௌந்தரம் டெல்லிக்குப் போனார். லேடி ஹார்டிங்க் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டர் ஆனார். மகளைப் படிக்க அனுப்பியவர்கள் பெற்றோர். அங்கே காந்திய இயக்கத்தில் இருந்த ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். வேறு சாதி, கேரளத்துக்காரர், மறுமணம். வீட்டில் உடனே சம்மதம் கிடைக்கவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

1947-ல் இந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே உருவான கஸ்தூரிபா மருத்துவமனையும், கிராமத்துப் பெண்களுக்குக் கொடுத்த சுகாதாரப் பயிற்சியும் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டன. அப்பா, ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய் விடும் பஸ்ஸை ஓட்டினார். மகள், அந்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பிறரைக் காப்பாற்றும் நர்ஸையும் சுகாதார ஊழியரையும் உருவாக்கினார்.

1955-க்குப் பிறகு: டி.வி.எஸ் எப்படி கட்டபொம்மன் ஆனது?

வயதான காலத்தில் தொழிலை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் சுந்தரம் ஐயங்கார். 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானல் வீட்டில் காலமானார். வயது 78.

மகன்கள் காலத்தில் நிறுவனம் உதிரிபாகத் தயாரிப்பு, வாகன உற்பத்தி என்று விரிந்தது. பஸ்?

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களை அரசுடைமை ஆக்கியது. 1972-ல் டி.வி.எஸ் பஸ்களை எடுத்துக்கொண்டு மதுரையில் உருவானது பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1974-ல் அதிலிருந்து பிரிந்து திருநெல்வேலிக்கு வந்தது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். நெல்லையில் இன்றும் பலர் கே.டி.சி என்று சொல்வது இதைத்தான். 1997-ல் தலைவர்கள் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது.

ஆக, பேட்டையில் வந்து நிற்கும் அரசு டவுன் பஸ்ஸின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், திருக்குறுங்குடிக்காரர் ஒருவர் 1912-ல் ஓட்டிய பஸ்ஸில் போய் நிற்கும்.

அப்போ தனியார்தான் பெஸ்ட்டா?

இந்த இடத்தில் பலரும் டக்கென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பார்த்தீர்களா, தனியார் கையில் இருந்தபோது பஸ் எப்படி ஓடியது என்று. அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

முதல் விஷயம், யார் ஏறலாம் என்பது. அந்தக் காலத்தில் தென் மாவட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரை ஏற்றாத தனியார் பஸ்கள் இருந்தன. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் தலையிட்டு, எல்லாரையும் ஏற்றாத பஸ்ஸுக்கு அனுமதி கிடையாது என்ற நிலையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் தவறாமல் வந்தாலும், ஏற விடாத பஸ்ஸால் ஒருவருக்கு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, எங்கே போகும் என்பது. தனியார் முதலாளி லாபம் வரும் ரூட்டில்தான் வண்டி விடுவார். அதில் தப்பு இல்லை, அது வியாபாரம். பத்துப் பேர் மட்டும் ஏறும் கடைசி கிராமத்துக்கு, விடியற்காலையிலும் ராத்திரியிலும் பஸ் விட வேண்டும் என்றால் அது அரசால்தான் முடியும். தமிழ்நாட்டில் மூலைமுடுக்குக் கிராமத்துக்கும் பஸ் போவது அரசுக் கழகங்கள் வந்த பிறகு நடந்த பெரிய மாற்றம்.

மூன்றாவது, டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம். ஒரு தூய்மைப் பணியாளருக்கோ, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ தினமும் போக வர ஆகும் காசு மாசக் கடைசியில் எவ்வளவு பெரிய தொகை! லாபத்துக்கு ஓடும் நிறுவனம் தானாக முன்வந்து இதைச் செய்யாது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் இதைப் பார்த்தோம். மார்ச் கடைசியில் பஸ் எல்லாம் நின்றது. அப்போதும் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக அரசு பஸ்கள் ஓடின. டிக்கெட் வசூல் எவ்வளவு என்று பார்த்திருந்தால் அவை ஓடியிருக்காது.

ஆக, எல்லாரும் ஏறலாம், எல்லா இடத்துக்கும் போகலாம், குறைந்த செலவில் போகலாம் என்பது அரசு பஸ் கொடுத்தது. நம்பி நிற்கலாம் என்பது டி.வி.எஸ் காட்டியது. காலை ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும். டிக்கெட் இலவசம், ஆனால் பஸ் எப்போது வரும் என்று தெரியாது என்றால், லேட்டாகிற நாளில் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

ஒரு ட்ரிப் போனால் என்ன ஆகும்?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு ரூட்டில் 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி டிப்போவிலேயே ரிப்பேர், அந்த ட்ரிப் கட். உடனே அந்த இடைவெளி 40 நிமிஷம் ஆகிறது. முந்தின பஸ்ஸை அரை நிமிஷத்தில் விட்டவர் 40 நிமிஷம் நிற்கிறார். பிரச்னை அதோடு முடியவில்லை. இரண்டு பஸ் கூட்டம் ஒரே பஸ்ஸில் ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறி இறங்க நேரம் கூடுகிறது. அந்த பஸ்ஸும் லேட். அது திரும்பி வரும் நடையும் லேட். காலையில் ஒரு வண்டி கிளம்பாதது மத்தியானம் வரைக்கும் தொடரும்.

காத்திருக்கும் நேரம், ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்று போக்குவரத்து ஆய்வுகள் பல நாடுகளில் சொல்லியிருக்கின்றன. பஸ் வருமா வராதா என்று தெரியாமல் நிற்பது இன்னும் மோசம்.

ஆபீஸ் வேலையில் 20 நிமிஷம் லேட் என்றால் ஒரு மெசேஜ் போட்டு விடலாம். வார்டில் அப்படி இல்லை. காலை ஷிப்ட் நர்ஸ் வரும் வரை ராத்திரி ஷிப்ட் நர்ஸ் கிளம்ப முடியாது. விடிய விடிய முழித்த ஒருவர், பஸ் வராததால் இன்னும் அரை மணி நேரம் நிற்கிறார். அவருடைய பஸ்ஸும் போய்விடும். மஸ்டரில் லேட் என்றால் சிலருக்கு அரை நாள் கூலியே போகலாம். அதனால்தான் பலர் ஒரு பஸ் முன்னாடியே கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒரு பஸ், வீட்டில் ஒரு மணி நேரத் தூக்கம்.

சுந்தரம் ஐயங்காரிடமிருந்து இன்று எதை எடுத்துக்கொள்ளலாம்?

டிப்போதான் முதல் ஸ்டாப்: பளபளப்பான புது நிழற்குடை நல்லதுதான். ஆனால் உதிரிபாகம் கையிருப்பில் இருப்பதும், போதுமான மெக்கானிக் இருப்பதும், ராத்திரியே வண்டியைச் சோதித்து வைப்பதும்தான் காலை முதல் நடையைக் காப்பாற்றும்.

ஆணியை முன்னாடியே பொறுக்குங்கள்: எந்த ரூட்டில் எந்த நேரம் ட்ரிப் கட் ஆகிறது, எந்த இடத்தில் பஸ் மாட்டிக்கொள்கிறது என்று கவனித்தால் இன்றைய லாட ஆணி எது என்று தெரிந்துவிடும். அது ஒரு மார்க்கெட் திருப்பமாக இருக்கலாம், தாறுமாறாக நிற்கும் வண்டிகளாக இருக்கலாம்.

ஷிப்ட்டைப் பார்த்து டைம் டேபிள்: மருத்துவமனையும் மாநகராட்சியும் எத்தனை மணிக்கு ஆள் மாற்றுகின்றனவோ அதற்கு முன்னும் பின்னும் பஸ் இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வரும் பெண்ணுக்குக் கடைசி பஸ் எப்போது என்பது வசதி மட்டும் இல்லை, பாதுகாப்பும்கூட.

வராது என்றால் சொல்லிவிடுங்கள்: பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் வசதி சென்னையில் வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு ஸ்டாப்பில் எழுதிப் போட்ட நேரம் போதும். ஆனால் எழுதியபடி வர வேண்டும்.

டிரைவரும் கண்டக்டரும் அத்தியாவசியப் பணியாளர்கள்தான்: விடியற்காலை முதல் பஸ்ஸை எடுப்பவர் அதற்கும் முன்பே டிப்போவில் இருக்க வேண்டும். அவருக்கு ஓய்வு இல்லாமல், ஆள் பற்றாக்குறையில் டபுள் டியூட்டி போட்டு நேரம் தவறாமையை எதிர்பார்க்க முடியாது.

இதில் எதற்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜல்லி ரோடும் மாட்டு வண்டியும் இருந்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காத யுத்தத்தின் நடுவில், ஒரு பஸ் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது. ஜி.பி.எஸ்ஸும் தார் ரோடும் இருக்கிற இந்தக் காலத்தில் முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?